வாயிலிருந்து ஒரு சாண்

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ஏ.டி.டி. 27 என்ற ரகத்துக்குத் தஞ்சை விவசாயிகள் வைத்த பெயர் 'ரேடியோ நெல்'. 1960களின் நடுவில் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்புதான் அந்த நெல்லை ஊர் ஊராகக் கொண்டுபோனது. ஜப்பானிய ரகம் ஒன்றையும் நம் ஜி.இ.பி. 24-ஐயும் கலந்து குறுவைக்கென்று உருவாக்கிய நெல் அது. எப்போது விதைப்பது, எத்தனை நாள் நாற்றைப் பறிப்பது, உரம் எவ்வளவு போடுவது என்பதையெல்லாம் திண்ணையில் இருந்த பெட்டி சொன்னது. திருச்சியில் ஒருவர் மைக் முன்னால் உட்கார்ந்து பேசினார். காவிரிக்கு வடக்கே திருப்பனந்தாள் பக்கத்திலும் தெற்கே மன்னார்குடி பக்கத்திலும் அதைக் கேட்டு வயலில் இறங்கினார்கள்.

இப்போது குரல் எதிர்த்திசையிலும் போகிறது. ஆடுதுறைக்குப் பக்கத்திலேயே இருக்கிற திருப்பனந்தாளில், மண்ணியாற்றுப் பாசனத்தில் குறுவை நட்டிருக்கும் ஒருவர் வரப்பில் நின்று, இலைச்சுருட்டுப் புழுவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறார். எதிரே அவர் மகன் செல்போனைப் பிடித்திருக்கிறான். அப்பாவின் சட்டையில் தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு கறுப்புத் துண்டு. அதனுள் ஒரு மைக், ஒரு சின்ன பேட்டரி, ஒரு வானொலி நிலையம் மூன்றும் இருக்கின்றன. நிலையம் என்பது மிகைச்சொல் அல்ல. பேச்சை மின் அலையாக்கி வானில் அனுப்புகிற டிரான்ஸ்மிட்டர்தான் அது. செல்போனின் சார்ஜர் துளையில் செருகியிருக்கும் இன்னொரு துண்டு அதைப் பெற்றுக்கொள்கிற ரிசீவர்.

கடைக்காரர் இதை விற்கும்போது "வயர் இல்லை, இருநூறு மீட்டர் எடுக்கும்" என்று சொல்லி விற்கிறார். என்னைக் கேட்டால் இந்தக் கருவியின் பெருமை தூரத்தில் இல்லை, கிட்டத்தில் இருக்கிறது. வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி மைக் இருக்க முடிகிறது என்பதுதான் இதன் முழு மதிப்பு. மற்றதெல்லாம் அந்தக் கிட்டத்தைச் சாத்தியமாக்குவதற்கான ஏற்பாடு.

திறந்த வெளியில் குரல் நாலா பக்கமும் பரவிக்கொண்டே போகிறது. தூரம் இரண்டு மடங்கானால் அதே ஒலியாற்றல் நான்கு மடங்கு பரப்பில் பரவ வேண்டும். ஆகவே ஓரிடத்தில் கிடைப்பது நான்கில் ஒரு பங்கு. டெசிபல் கணக்கில் 6 குறையும். சாதாரணமாகப் பேசும் குரல் ஒரு மீட்டர் தள்ளி ஏறத்தாழ 60 டெசிபல் இருக்கும். செல்போன் 4 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் சொந்த மைக்குக்கு வந்துசேர்வது 48. சட்டையில் 20 சென்டிமீட்டரில் இருக்கும் மைக்குக்கோ 74. வித்தியாசம் 26 டெசிபல், அதாவது 400 மடங்கு ஆற்றல்.

போர் மோட்டார் அறையிலிருந்து வரும் இரைச்சல் 50 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். அது தூரத்திலிருந்து வருவதால் செல்போனுக்கும் சட்டை மைக்குக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் கேட்கும். செல்போனில் 48-இல் உள்ள குரல் 50-இல் உள்ள மோட்டாருக்குக் கீழே அமுங்கிப்போகும். சட்டை மைக்கில் குரல் 24 டெசிபல் மேலே நிற்கும். மோட்டார் அங்கேயும் கேட்கும், ஆனால் வயலில் மோட்டார் ஓடுகிறது என்று தெரிகிற அளவுக்கு மட்டுமே. பதிவான பிறகு கணினியில் போட்டு 'சத்தத்தைக் கூட்டினால்' குரலோடு மோட்டாரும் சேர்ந்து கூடும். படம் பிடிக்கும் நேரத்தில் கிடைக்காத இடைவெளியைப் பின்னால் உண்டாக்குவது கடினம். இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் இரைச்சலோடு சேர்த்துப் பேச்சின் மெல்லிய ஓசைகளையும் அவை கொஞ்சம் அரித்துவிடுகின்றன.

கிட்டத்தில் வைப்பதால் இன்னொரு கணக்கும் நேராகிறது. நம் ஊர் வெயிலில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். வயலின் நடுவில் 35 மீட்டர் தள்ளி நிற்பவர் பேசினால் செல்போனின் மைக்குக்கு அது பத்தில் ஒரு வினாடி தாமதித்து வரும். வினாடிக்கு 25 சட்டகம் ஓடும் படத்தில் இரண்டரைச் சட்டகம் பிந்திவிடும். வாயசைவும் சொல்லும் ஒட்டாது. சட்டை மைக் வழியாக வரும்போது ஒலி காற்றில் நடப்பது ஒரு சாண் மட்டுமே. மீதி தூரத்தை மின் அலை ஒளியின் வேகத்தில் கடந்துவிடும். கருவிக்குள் நடக்கும் கணக்குகளுக்குச் சில மில்லி வினாடி ஆகும். அது கண்ணுக்குத் தெரியாது.

இவ்வளவு சின்னதாக மைக் செய்ய முடிந்தது எப்படி? 1962-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இருவர் கண்ட எலக்ட்ரெட் மைக்கிலிருந்து வந்த வழி அது. அதற்கு முந்தைய கண்டென்சர் மைக்குகளில் மெல்லிய சவ்வுக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் இடையில் வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். அதற்கென்று தனிப் பெட்டி. டெஃப்லான் போன்ற பிளாஸ்டிக் படலத்தில் மின்னேற்றத்தை நிரந்தரமாகத் தங்கவைத்துவிட்டால் அந்தப் பெட்டியே வேண்டாம் என்று இவர்கள் காட்டினார்கள். பேச்சின் அழுத்தத்தில் சவ்வு துளி அசையும், சவ்வுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி மாறும், அதற்கேற்ப மின்னழுத்தம் ஏறி இறங்கும். அவ்வளவுதான். அந்த மின்னழுத்தத்தை வினாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்கி, எண்களை வானில் விடுகிறது டிரான்ஸ்மிட்டர்.

2019-இல் ஆஸ்திரேலியாவின் ரோட் நிறுவனம் 31 கிராமில் வயர்லெஸ் கோ என்ற கருவியை வெளியிட்ட பிறகு இந்த வகை பரவியது. டிஜேஐ, ஹாலிலேண்ட் போன்ற நிறுவனங்கள் பின்னால் வந்தன. இன்று 10 கிராமுக்கும் குறைந்த எடையில்கூடக் கிடைக்கிறது.

மின் அலை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாவில் இந்தக் கருவி படுத்துவதெல்லாம் இங்கேதான். திருச்சி வானொலி பல்லாண்டு ஒலிபரப்பிய மத்திய அலையின் அதிர்வெண் 936 கிலோஹெர்ட்ஸ்; அதன் அலைநீளம் ஏறத்தாழ 320 மீட்டர். ஒரு தெருவையே விழுங்கும் நீளம். வீடு, தென்னை, மனிதர் எல்லாம் அந்த அலைக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆற்றுத் தண்ணீர் நாணல் தண்டைச் சுற்றிக்கொண்டு போவதுபோலப் போய்விடும். ஈரமான வண்டல் மண் மின்சாரத்தை ஓரளவு கடத்தும். மத்திய அலை அப்படிப்பட்ட தரையை ஒட்டியே வெகுதூரம் போகக்கூடியது. காவிரிப் படுகை அதற்குச் செய்து வைத்த பாதை.

சட்டை மைக் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். அலைநீளம் வெறும் 12 சென்டிமீட்டர், அரைச் சாணுக்குச் சற்று மேல். இந்த அலைக்கு மனித உடம்பே பெரிய மதில். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். இந்த அதிர்வெண்ணில் தண்ணீர் மின் அலையை உறிஞ்சும். ஆகவே மைக்கை மார்பில் மாட்டிக்கொண்டவர் செல்போனுக்கு முதுகைக் காட்டி வயலைப் பார்த்துத் திரும்பியதும் பேச்சு விட்டு விட்டு வரும். பெட்டியில் போட்டிருக்கும் இருநூறு மீட்டர், நடுவில் எதுவும் மறைக்காத வெட்டவெளிக் கணக்கு. திரும்பி நடந்துகொண்டே பேசப்போகிறார் என்று தெரிந்தால் தோளில் போட்டிருக்கும் துண்டின் பின்பக்கத்தில், தோளுக்கு மேலாக மாட்டுவது நல்லது. அங்கிருந்து குரலும் ஓரளவு கிடைக்கும், அலையும் தடையின்றிப் போகும்.

நடவு முடிந்து தண்ணீர் நிற்கும் வயலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. டிரான்ஸ்மிட்டரிலிருந்து ரிசீவருக்கு ஒரு அலை நேராக வரும். இன்னொன்று தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் தெறித்து வரும். மிகச் சாய்வாகப் பட்டுத் தெறிக்கும் அலை தலைகீழாகிவிடும். அதன் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். தூரம் கூடக்கூட இரு பாதைகளின் நீளமும் ஏறக்குறைய சமமாகி, நேரலையைத் தெறித்த அலை அடித்துவிடும். அப்போது தூரம் இரண்டு மடங்கானால் அலையின் ஆற்றல் நான்கில் ஒன்றாக அல்ல, பதினாறில் ஒன்றாகக் குறையும். இந்த வீழ்ச்சி எங்கே தொடங்கும் என்பது இரு கருவிகளின் உயரத்தைப் பொறுத்தது. மைக் 1.3 மீட்டர் உயரத்தில் மார்பில் இருக்க, செல்போனைச் சின்ன முக்காலியில் அரை மீட்டர் உயரத்தில் வைத்தால் சுமார் 20 மீட்டரிலேயே தொடங்கிவிடும். செல்போனையும் மார்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தால் 50 மீட்டரைத் தாண்டும். வரப்பில் உட்கார்ந்து தாழ்வான கோணத்தில் படம் பிடிப்பது அழகாக இருக்கும்தான். அப்படி எடுக்கும்போது பேசுபவரைக் கிட்டத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இந்தியாவில் 2005-இலிருந்து உரிமம் தேவையில்லை. அதனால்தான் யாரும் இந்த மைக்கை வாங்கிப் பயன்படுத்த முடிகிறது. அதே காரணத்தால் வைஃபை, புளூடூத் எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. வயலில் இது பெரிதாகத் தெரியாது. திருப்பனந்தாள் அருணஜடேசுவரர் கோயில் திருவிழாவில், நூற்றுக்கணக்கான செல்போன்கள் நடுவில் நின்று எடுத்தால் தெரியும். நெரிசல் உள்ள அதிர்வெண்ணை விட்டு வேறொன்றுக்குத் தாவிக்கொண்டே இருப்பது இந்தக் கருவிகள் கையாளும் ஒரு வழி. அந்தத் தாவும் உத்திக்கு 1942-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர் திரைப்பட நடிகை ஹெடி லமார். கப்பற்படையின் டார்பிடோ குண்டுகளை எதிரி திசைதிருப்பாமல் இருக்க அதை அவர் யோசித்தார். தாவியும் இடம் கிடைக்காத நேரத்துக்காகச் சில மைக்குகள் தம்முள்ளேயே ஒரு பிரதியைப் பதிந்துகொள்கின்றன. வாங்குபவர்கள் வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் இந்த வசதியை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பேன். வானில் சிதறிய சொல்லை எந்த மென்பொருளும் திருப்பித் தராது.

ஆடி மாதக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து டெல்டா வரை வீசும். காற்று மைக்கில் உண்டாக்கும் 'பட பட' ஓசை உண்மையில் வெளியில் கேட்கும் ஓசையே அல்ல. மைக்கின் விளிம்பில் காற்று மோதிச் சுழல்கிறது. அந்தச் சுழல்களின் அழுத்த மாற்றம் சவ்வை நேராகத் தள்ளுகிறது. குரல் தள்ளுவதைவிடப் பலமாகத் தள்ளும். கருவியோடு வரும் முடி வைத்த குல்லா, சுழல்களைச் சவ்விலிருந்து ஒரு விரற்கடை தள்ளியே நிறுத்தி, உள்ளே அசையாத காற்றை வைத்துக்கொள்கிறது. ஒலி அலை அந்த அசையாத காற்றில் தடையின்றி நுழையும். குல்லாவைப் பஞ்சு உருண்டை என்று நினைத்துக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். வயலில் அது இல்லாமல் மைக்கை வெளியே எடுக்கவே கூடாது. வியர்வையிலோ தூறலிலோ நனைந்துவிட்டால் முடி ஒட்டிக்கொண்டு பயன் போய்விடும். மாற்றுக் குல்லா ஒன்று பையில் இருக்கட்டும்.

இனி எங்கே மாட்டுவது. இந்தக் கருவியை வடிவமைத்தவர்கள் காலர் வைத்த சட்டையை மனத்தில் வைத்திருக்கிறார்கள். நம் விவசாயி வெற்றுடம்பில் தோளில் ஒரு துண்டு. ஓதுவார் மார்பில் உருத்திராட்சம். நடவுப் பெண்கள் சேலைக்கு மேலே ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார்கள், அதற்கு மேலே தலைமுண்டு. துண்டில் மாட்டலாம், ஆனால் துண்டு நழுவும், நழுவும்போது மைக்கின்மேல் உரசும். இரு முனைகளையும் மார்பில் தளர்வாக முடிச்சிட்டு முடிச்சின் மேல் மாட்டினால் அசையாது. சேலையில், முந்தானை மடிப்பு தோளில் குத்தியிருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நன்றாக நிற்கும். தாலிக் கயிறும் சங்கிலியும் படாத பக்கம் பார்க்க வேண்டும், உலோகம் உரசும் ஓசை குரலை வெட்டும். பெண்களிடம் கையில் கொடுத்து "அக்கா, இந்த இடத்துல நீங்களே மாட்டிக்குங்க" என்று சொல்வதுதான் முறை. ஆண்களிடமும் அப்படியே செய்தால் என்ன குறைந்துவிடும்?

மார்பில் மாட்டுவதால் குரலின் நிறமும் மாறுகிறது. வாயிலிருந்து முன்னோக்கிப் பாயும் உச்ச ஓசைகள் தாடைக்குக் கீழே வரும்போது குறைந்துவிடும். 2000-இலிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி மங்கும். மார்புக்கூட்டின் அதிர்வு கீழ் ஓசைகளைத் தடிப்பாக்கும். தமிழுக்கு இது சின்ன விஷயம் இல்லை. லகரம், ளகரம், ழகரம் மூன்றையும் காது பிரித்தறிய உதவுவதில் முக்கியமானது குரலின் மூன்றாவது ஒத்ததிர்வு. நா மேலே வளையும்போது அது கீழே இறங்கும், ழகரத்தில் அதிகமாகவே இறங்கும். அது நடமாடுவது பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியிலும் அதற்கு மேலும்தான். வேளாண்மைப் பேச்சில் 'தழை' என்றாரா 'தளை' என்றாரா என்று கேட்பவர் ஊகிக்க வேண்டிய நிலை வரக் கூடாது. மைக்கைத் தொப்புளை நோக்கி இறக்காமல் கழுத்துக் குழிக்கு நாலு விரல் கீழே வைத்தால் மங்கல் குறையும். மிச்சத்தைப் பதிவுக்குப் பின் அந்தப் பகுதியை இரண்டு மூன்று டெசிபல் உயர்த்திச் சரிசெய்துகொள்ளலாம்.

பேச்சுக்கு இவ்வளவு பொருந்துகிற கருவி இசைக்குப் பொருந்துமா? முழுவதும் பொருந்தாது என்பது என் எண்ணம். திருப்பனந்தாள் பாடல் பெற்ற தலம். சம்பந்தர் பதிகம் பாடிய தாடகையீச்சரம். காசித் திருமடம் அமைந்த ஊர். அங்கே கல் மண்டபத்தில் ஓதுவார் பதிகம் பாடும்போது நாம் கேட்பது அவர் குரலை மட்டுமல்ல. தூணிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வருகின்றன. பாடுபவருக்கு மிக அருகில் நேரொலி மிஞ்சும். ஓரளவு தள்ளிப் போனதும் எதிரொலி மிஞ்சும். இரண்டும் சமமாகும் தூரத்துக்குள் மைக் இருந்தால் மண்டபம் மறைந்துவிடும். ஒரு சாணில் மாட்டிய மைக்கில் ஓதுவார் ஏதோ துணிக்கடைக்குள் நின்று பாடியதுபோல வறண்டிருக்கும். சொல் மட்டும் துல்லியமாகக் கேட்கும். இரண்டும் வேண்டுமென்றால் ஓதுவாரிடம் ஒன்று, ஐந்தாறு மீட்டர் தள்ளி ஒரு தூணருகில் இன்னொன்று என்று இரண்டு மைக்குகளிலும் பதிந்து பின்னர் கலக்க வேண்டும். பல கருவிகள் இரண்டு டிரான்ஸ்மிட்டர்களோடுதான் வருகின்றன. இரண்டையும் தனித்தனித் தடமாகப் பதியும்படி முன்பே அமைத்துவிட வேண்டும். ஒரே தடத்தில் கலந்துவிட்டால் பின்னால் பிரிக்க இயலாது.

நாகசுரம் வேறு சோதனை. ஆடுதுறையை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் இந்தக் கருவிக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திறந்த வெளியில், தேரோடும் வீதியில், ஊரே கேட்கும்படி வாசிக்கப் பிறந்தது. அதன் விரிந்த வாயான அணைசுக்குப் பக்கத்தில் மைக்கை மாட்டினால் மேலெல்லை உடைந்து ஒலி கரகரக்கும். '32-பிட் ஃப்ளோட் இருக்கிறது, எதுவும் உடையாது' என்று விளம்பரம் சொல்லும். அந்த வசதி, மின்சாரமாக மாறிய பின் எண்களாக்கும் இடத்தில் உடையாமல் காக்கும். அதற்கு முன்பே சவ்வும் அதை ஒட்டிய சின்ன மின்சுற்றும் எல்லையைத் தாண்டிவிட்டால் எந்தப் பிட்டும் காப்பாற்றாது. நாகசுரத்துக்கும் தவிலுக்கும் மூன்று மீட்டர் தள்ளி நிற்பதே நல்ல வழி. அங்கே தூரம்தான் நண்பன்.

செல்போனில் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பதிவை நிறுத்தினாலும் சட்டையில் உள்ள மைக் நிற்பதில்லை. பேசி முடித்தவர் ஒதுங்கிப் போய் வீட்டுக் கடனைப் பற்றி மனைவியிடம் பேசுவார். அது ரிசீவருக்கு வந்துகொண்டே இருக்கும். உள்ளே பதியும் வகை என்றால் பதிவாகியும்விடும். ஆகவே படம் முடிந்ததும் முதல் வேலை மைக்கைக் கேட்டு வாங்கி அணைப்பது. தவறிப் பதிந்ததை அவர் முன்னாலேயே அழித்துவிட வேண்டும்.

மாட்டியதும் செய்ய வேண்டிய முதல் வேலையும் ஒன்று உண்டு. பேசுபவர் தம் பெயர், ஊர், தேதி, எந்தப் பட்டம், என்ன நெல் என்று தம் வாயால் சொல்லட்டும். சொல்லி முடித்ததும் ஒருமுறை கை தட்டட்டும். கை தட்டும் ஓசையை வைத்து, செல்போன் தடத்தையும் மைக்குக்குள் பதிந்த பிரதியையும் பின்னால் சேர்த்துவிடலாம். அவர் பெயர் சொல்லும் அந்த அரை நிமிடத்தில் காதில் ஹெட்போனை வைத்து, துண்டு உரசுகிறதா, அளவுமானி எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உச்சத்தில் கழித்தல் 12 டெசிபலை ஒட்டி நின்றால் போதும். அவர் பேச்சில் சூடேறிக் குரலை உயர்த்தினாலும் அதற்குமேல் இடம் இருக்கும்.